முப்பத்திரண்டு அங்குலம்

"உம்மா, மண்ணெண்ணெய்ப் போத்தல் எங்க?"

முஆஸ் குசினி வாசலில் நின்று கேட்டான். சாரத்தை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டியிருந்தான். சட்டை தோள்வரை நனைந்திருந்தது. கொல்லையில் கிணற்றடிக்குப் பக்கத்தில் கம்பு நட்டுச் சீலைகளால் மறைத்த இடத்தில் அவனுடைய வாப்பாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள்.

மரியம் கதிரையை விட்டு எழும்பவில்லை. "இப்ப அது எதுக்கு?"

"வாப்பாட கையில எஞ்சினுக்குப் பூசுற கேஸ்கட் பசை ஒட்டிக் காஞ்சிரிக்கு. சவுக்காரத்துக்குப் போகுதில்ல. தண்ணி தோல்ல பட்டாத்தான் குளிப்பு நிறைவேறுமாம். பள்ளி லெவ்வை சொல்றார்."

"மண்ணெண்ணெய் போட்டா அவருக்கு எரியும்."

செத்தவருக்கு என்ன எரிவு என்று கேட்கிற பிள்ளையில்லை அவன். மையித்துக்கும் நோகும், பச்சைப்பிள்ளையைக் கழுவுவதுபோல மெல்லக் கழுவ வேண்டும் என்று ஓதப்போன காலத்திலேயே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஆனால் இருபத்தாறு வயது ஆம்பிளைக்கு வாப்பாவின் விரல்களை எப்படிப் பிடிப்பது என்று தெரியவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

மரியம் எழும்பினாள். தேங்காயெண்ணெய்ப் போத்தலை எடுத்தாள். உப்புச் சட்டியில் கைவிட்டு ஒரு பிடி கல்லுப்பைக் கோப்பையில் போட்டாள். வெள்ளைச் சீலையின் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, "நான் வாறன் எண்டு சொல்லு," என்றாள்.

"நீங்களா?"

"ஓம். அந்தக் கையக் கழுவி எடுக்கிற வித்தை உங்க ஒருத்தருக்கும் தெரியாது."

அது உண்மைதான். இருபத்தொன்பது வருடம் ஒரு மெக்கானிக்கோடு குடும்பம் நடத்தியவள் அவள். மஃரிபுத் தொழுகைக்கு முன் அந்த மனுசன் கிணற்றடியில் கையை நீட்டிக்கொண்டு நிற்பதும், இவள் எண்ணெயும் கல்லுப்பும் போட்டுத் தேய்த்துவிடுவதும் வீட்டில் அடுப்பு மூட்டுவதுபோல அன்றாடம் நடந்தது. சண்டை பிடித்த நாளிலும் நடந்தது. சண்டை பிடித்த நாளில் கொஞ்சம் அழுத்தித் தேய்ப்பாள், அவ்வளவுதான்.

இன்று காலையில் அந்தக் கை அப்படியே நின்றுவிட்டது. சுபஹு தொழுதுவிட்டு அவள் புருசன் நெய்னார் முற்றத்தில் நின்ற காரடிக்குப் போனார். ஏழு மணிக்கு இவள் தேத்தண்ணி கொண்டுபோனபோது காரின் முன்சில்லில் முதுகைச் சாய்த்து மணலில் இருந்தார். ஒரு கையில் செங்கல் நிறப் பசைக்குழாய். மூன்று இரும்புக் குழாய்களைக் கூட்டி நிறுத்திய முக்காலியில், சங்கிலியில் எஞ்சின் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்து, "ஆறப் போகுது, குடிச்சிட்டுப் பாருங்க," என்று ஏசினாள். இரண்டாம் தரமும் ஏசினாள். அதன் பிறகுதான் கிட்டப் போனாள். தான் ஏசியது அவர் காதில் விழுந்ததா இல்லையா என்பது அவளுக்கு இனித் தெரியப்போவதில்லை.

அந்தக் காரின் கதை அவர்கள் இப்போது இருக்கிற ஆலங்குடாவில் எல்லோருக்கும் தெரியும். இங்கிலாந்தில் செய்த பழைய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டு பேர்தான் இருக்கலாம், கூரையை மடித்து வைக்கலாம். மன்னாரில் அவர்களுடைய சொந்த ஊரான எருக்கலம்பிட்டிச் சனம் அதற்கு நெய்னாரின் மொட்டைக் கார் என்று பெயர் வைத்திருந்தது. கலியாணத்துக்கு முந்திய வருடம் மன்னாரைவிட்டு மாற்றலாகிப் போன ஒரு எஞ்சினியரிடம் அடிமாட்டு விலைக்கு வாங்கியது. மரியத்தைப் பெண் பார்க்க அதில்தான் வந்தார். அவளுடைய வாப்பா, "மாப்பிளைக்கு மூளை கொஞ்சம் லூஸ், கை நல்ல கை," என்று சொல்லிச் சம்மதித்தார்.

தொண்ணூறாம் ஆண்டு ஒக்டோபரில் துவக்கோடு வந்தவர்கள் முஸ்லிம்கள் எல்லோரையும் வெளியேறச் சொன்னபோது, கொண்டுபோக விட்டது உடுப்புப் பையும் கொஞ்சக் காசும்தான். நெய்னார் காரின் மூடியைத் திறந்து, கட்டைவிரல் அளவு றோட்டரைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அது இல்லாமல் எவனும் ஸ்டார்ட் எடுக்க முடியாதாம். அப்படித்தான் வள்ளத்தில் ஏறிக் கற்பிட்டியில் வந்து இறங்கினார்கள். நாலு வயது முஆஸ் மடியில், றோட்டர் பையில். இருபது வருடம் அதை அலுமாரியில் பத்திரமாக வைத்திருந்தார். சண்டை முடிந்து பாதை திறந்ததும் போய்ப் பார்த்தால், காரின் மேல் பனையோலை கிடந்தது, உள்ளே யாரோ கோழி அடைத்திருந்தார்கள், எஞ்சின் இல்லை. எஞ்சினை அடியோடு கழற்றிக்கொண்டு போனவனுக்கு றோட்டர் ஒரு பொருட்டா. அவர் திரும்பி வந்து சொன்னதும் மரியம் சிரித்த சிரிப்பில் நெய்னாரும் சேர்ந்து சிரித்தார். அவருக்குக் கோபம் தாமதமாகத்தான் வரும், சில நேரம் வராமலே போய்விடும்.

வெறும் கூட்டை லொறியில் ஏற்றி, எலுவன்குளம் காட்டுப்பாதையால் கொண்டுவந்து இந்த முற்றத்தில் இறக்கினார். "இதுக்கு ஒரு எஞ்சின் போட்டு, இதுலதான் ஊருக்குப் போறது. பஸ்ஸுல போய் இறங்க நான் என்ன விருந்தாளியா? ஓடுற நாளண்டு நீயும் நானும் முன்னால இருந்து போறம். போனாத் திரும்பி வாறதில்ல," என்றார். கொழும்புப் பஞ்சிகாவத்தையில் ஒரு ஜப்பான் காரின் எஞ்சினைக் கியர் பெட்டியோடு வாங்கினார். ஒரு நாட்டுக் காருக்குள் இன்னொரு நாட்டு எஞ்சினை இருத்துவது லேசுப்பட்ட காரியமில்லை. தாங்கிகளைப் புதிதாகச் செய்ய வேண்டும். அடியில் இருக்கிற எண்ணெய்த் தொட்டி காரின் குறுக்குச் சட்டத்தில் இடித்தது, அதை வெட்டி ஒட்ட வேண்டும். கூரை ஒழுக்குக்கு இரண்டு மாரியாக வாளி வைத்த வீட்டில், அந்த மனுசன் தகரம் வெட்டினதெல்லாம் காருக்குத்தான்.

சீலை மறைப்புக்குள் மரியம் போனபோது நெய்னாரின் தம்பி ஜபார் தலைமாட்டில் நின்றார். ஊர் திறந்ததும் முதலில் திரும்பிப் போனவர் அவர். காலையில் சேதி கேட்டவுடன் எருக்கலம்பிட்டியிலிருந்து வேனை எடுத்துக்கொண்டு வந்து பத்தரைக்கெல்லாம் சேர்ந்திருந்தார். லெவ்வை ஒரு பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டு, "மனிசி புருசனைக் குளிப்பாட்டலாம். அதுல ஒரு தடையுமில்ல," என்றார்.

பலகையில் கிடந்த உடம்பின் மேல் வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது. அவள் வலது கையை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். குளிர்ந்திருந்தது. நகத்தைச் சுற்றியும் விரல் இடுக்கிலும் பசை தோல்போலப் பிடித்திருந்தது. எண்ணெய் விட்டாள். உப்பைத் தூவினாள். பெருவிரலால் வட்டமாக, ஒவ்வொரு விரலாகத் தேய்த்தாள். முதலில் சின்னச் சின்ன உருண்டையாகத் திரண்டு, பிறகு ஓரம் கிளம்பி, உரிந்து வந்தது. முஆஸ் செம்பால் தண்ணீர் விட்டான்.

"நானா போன கிழமையும் போன் எடுத்தார்," என்றார் ஜபார். அண்ணனின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "கண்ணு போயிட்டுடா தம்பி, ஒரு அளவெடுக்க ஏலாது, இனி நான் மெக்கானிக் எண்டு சொல்லப்படாது எண்டார். நான் சும்மா பகிடிக்குச் சொல்றார் எண்டு நினைச்சன்."

மரியத்தின் பெருவிரல் நின்றது. பிறகு மறுபடி தேய்த்தது.

"பொருத்தம் கேட்டுக்கொள்ளுங்க, ராத்தா," என்றார் லெவ்வை, திரும்பாமலே.

கணவன் மௌத்தாகினால், தெரிந்தும் தெரியாமலும் செய்ததையெல்லாம் மன்னித்துப் பொருந்திக்கொள்ளுங்கள் என்று மனைவி சொல்வது அவர்களுடைய வழக்கம். சாதாரணமாகக் கண்ணீரோடு ஒரே மூச்சில் வந்துவிடுகிற வார்த்தைதான். மரியத்துக்கு வாய் வரவில்லை. தெரியாமல் செய்ததற்குக் கேட்கலாம். தெரிந்து செய்த ஒன்று இருந்தது. அதற்கு உயிரோடு இருந்த மனுசனிடம் ஆறு மாதத்தில் ஒரு நாள் கேட்டிருக்க வேண்டும். இரண்டு கையையும் சுத்தமாகக் கழுவி, அவருடைய நெஞ்சின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் வெளியே வந்தாள்.

மாசி மாதம் அது நடந்தது. எஞ்சினை முதல் தரம் காருக்குள் இறக்கி, மரக்குற்றிகளில் இருத்திப் பார்த்த நாள். புது கியர் பெட்டி பழையதைவிட நீளம். அதிலிருந்து பின்சில்லுகளுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற ஷாஃப்டை அறுத்துக் குறுக்க வேண்டும். கண்டக்குழியில் வள்ளங்களின் ஷாஃப்ட் கடைகிற இன்னாசித்தம்பிதான் அதைச் செய்யக்கூடிய ஆள். நெய்னார் காருக்கு அடியில் படுத்து அளவு நாடாவைப் பிடித்தார். மரியம் வெளியே குந்தியிருந்து, கொப்பித் தாளையும் பென்சிலையும் வைத்துக்கொண்டு அவர் சொல்லச் சொல்ல எழுதினாள். எப்போதும் அப்படித்தான். அவருடைய எழுத்து அவருக்கே விளங்காது.

"முப்பத்திரெண்டு," என்றார் அடியிலிருந்து. "எழுதினியா? இது சரிவந்தா நோன்புக்கு முதல் ஊரிலதான்."

அவள் தலையை நிமிர்த்தி வீட்டைப் பார்த்தாள். ஓலைக் குடிலாக இருந்ததைக் கல் கல்லாக வாங்கிக் கட்டிய வீடு. வேலிக்கு அந்தப் பக்கம் மகள் ஸஃப்னாவின் வீடு, அதில் மூன்று மாதப் பேரப்பிள்ளை. நல்ல தண்ணீர் வந்தபோது அவள் குரவையிட்ட கிணறு. ஒருதரம் வீட்டைத் திறந்தபடி போட்டுவிட்டு வெளியேறியவள் அவள். அந்தக் காலை எப்படி இருந்தது என்று அவளுக்குத் தெரியும். இன்னொரு தரம் தன்னால் ஒரு வீட்டைவிட்டுப் போக ஏலாது என்று அவரிடம் எத்தனையோ நாள் சொல்லிப் பார்த்தாள். "அது நம்மட வீடு, இது நம்மட வீடில்லயே," என்பார். அதற்குமேல் அவருக்கு விளங்கவில்லை.

அவள் முப்பதரை என்று எழுதினாள். ஒன்றரை அங்குலம் குறைவு. ஒரு மாதமோ இரண்டு மாதமோ பிந்தும், அதற்குள் மனம் மாறலாம் என்பதுதான் அவளுடைய கணக்கு. அதற்குமேல் அவள் யோசிக்கவில்லை.

ஷாஃப்ட் அறுபட்டு வந்தது. கட்டையாக இருந்தது. அறுத்த இரும்பை நீட்ட முடியாது. நெய்னார் அதைக் கையில் வைத்துக்கொண்டு, "நான் எவ்வளவு எண்டு சொன்ன?" என்று கேட்டார்.

"நீங்க சொன்னதத்தான் எழுதின," என்றாள் மரியம்.

அவர் ஏசியிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பாள். சந்தேகத்தோடு ஒரு பார்வை பார்த்திருந்தாலும் சொல்லியிருப்பாள். அவர் நாடாவை எடுத்து வெயிலில் பிடித்து, கண்ணைச் சுருக்கி, விரித்து, மறுபடி சுருக்கிப் பார்த்தார். அடுத்த கிழமை புத்தளத்துக்குப் போய்க் கண்ணாடி ஒன்று வாங்கிவந்தார். கண்ணாடிக்காரன் பெரிய குறை ஒன்றும் இல்லை என்றானாம், அதை அவர் நம்பவில்லை. வெளிவேலைகளை ஒவ்வொன்றாக விட்டார். "கை தெரியும், கண் தெரியாது, ஆர்ட வாகனத்தயும் நாசமாக்கப்படாது," என்றார். இன்னொரு ஷாஃப்ட் வாங்கி வந்து சாக்கில் சுற்றி வைத்தார், அளக்கவில்லை. ஊர்ப் பேச்சையும் எடுக்கவில்லை. காரடிக்குப் போவார், பசை பூசுவார், கழற்றுவார், மறுபடி பூசுவார். மரியம் கேட்டது ஒன்று, கிடைத்தது அதைவிடப் பெரியது. ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தாள். கிணற்றடியில் கை தேய்க்கும்போது சொல்லலாம் என்று வாயைத் திறப்பாள். அவர் பேரப்பிள்ளையைப் பற்றி ஏதாவது சொல்லுவார். வாயை மூடிக்கொள்வாள்.

கபன் துணியைச் சுற்றி, பெண்களுக்கு முகம் காட்டி முடித்தபோது பதினொன்றரை. மரியத்தை உள்ளறையில் இருத்தினார்கள். இனி நாலு மாதம் பத்து நாள் இத்தா. அந்நிய ஆண்களின் முன்னே வரக்கூடாது. வாசல் தாண்டக்கூடாது. கதவில் ஒரு சீலையைத் திரையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். விறாந்தையில் ஆண்கள் பேசுவது தெளிவாகக் கேட்டது. ஸஃப்னா பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உம்மாவின் பக்கத்தில் இருந்தாள். அழுதழுது அவளுக்கு முகம் வீங்கியிருந்தது.

பேச்சு எங்கே அடக்குவது என்பதில் வந்து நின்றது.

"நானாட மனசு எனக்குத் தெரியும்," என்றார் ஜபார். "வாப்பாட கபுருக்குப் பக்கத்தில இடம் இரிக்கு. ளுஹரோட இங்க தொழுதிட்டு வெளிக்கிட்டா அஞ்சு மணிக்குள்ள ஊர். மழையில்ல, எலுவன்குளத்துச் சப்பாத்துப் பாலத்தில ஆத்துத் தண்ணி குறைவு. நான் வரக்குள்ளயே பார்த்துட்டுத்தான் வந்த."

"மௌத்தான இடத்திலயே அடக்கிறதுதான் மேல்," என்றார் லெவ்வை. "ஆனா அண்டைக்கே கொண்டுபோய்ச் சேர்க்கலாமெண்டா, குடும்பத்துக்காரர் பேசி ஒரு முடிவு எடுங்க. பிந்த வேணாம்."

ஸஃப்னா திரைக்கு உள்ளேயிருந்து சொன்னாள். "சாச்சா, வாப்பா அந்த எண்ணத்த எப்பவோ விட்டுட்டார். ஷாஃப்ட் பிழைச்சதோட விட்டுட்டார். கண்ணு போன மனுசனுக்கு இனி எந்த ஊர் எண்டால் என்ன, என்னை இங்கயே போடுங்க எண்டு என்னட்ட அவர் வாயால சொன்னவர். இங்க எண்டா முஆஸ் நானா வெள்ளிக்கு வெள்ளி கபுரடிக்குப் போய் ஸியாரத் செய்வார். அங்க ஆர் போறது?"

ஜபார் திரைப் பக்கம் திரும்பினார்.

"அவரே அப்பிடிச் சொல்லியிருந்தா," என்றார் ஜபார், "நான் பிடிவாதம் பிடிக்கல்ல மகள்."

அப்போது முற்றத்தில் மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நின்றது. கண்டக்குழி இன்னாசித்தம்பி. குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். சந்தூக்குப் பெட்டியண்டை கொஞ்ச நேரம் தலையைக் குனிந்து நின்றுவிட்டு, விறாந்தைக் கதிரை ஒன்றில் நுனியில் இருந்தார். பேச்சு எதில் நிற்கிறது என்று யாரோ அவருக்குச் சொன்னார்கள். அவர் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டார்.

"அந்த ஷாஃப்ட் அறுத்தது நான். எனக்கு அண்டு தொடக்கம் மனம் சரியில்லை," என்றார். "அறுக்க முதலே எனக்கு ஒரு ஐமிச்சம் தட்டினது. கட்டை போலக் கிடந்தது. நானாவுக்குப் போன் எடுத்து, 'முப்பதரை எண்டு கிடக்கு, ஒருக்காத் திருப்பி அளந்து பாருங்கோவன்' எண்டு சொன்னனான். மனிசன் கேட்டாத்தானே. 'அது மரியம் எழுதின தாளடா, அவள் எழுதினால் பிழைக்காது, நீ அறு' எண்டார். நான் அறுத்துப்போட்டன். பிறகு ஒருநாள் கடைக்கு வந்து, 'பிழை உன்னிலயுமில்லை, அவளிலயுமில்லை, என்ர கண்தான்' எண்டு எனக்கு ஆறுதல் சொல்லிட்டுப் போறார்."

மரியம் அந்தப் போன் பேச்சைப் பற்றி அறிந்திருக்கவில்லை. அவர் அவளிடம் சொல்லவேயில்லை. முப்பதரை என்று இன்னாசித்தம்பி சொன்னபோதே அவருக்கு எண் காதில் விழுந்திருக்கிறது. தான் சொன்ன முப்பத்திரண்டு ஞாபகத்தில் இருந்ததா, இருந்தும் அவளுடைய எழுத்தை நம்பினாரா, தெரியாது. அவள் எழுதினால் பிழைக்காது என்று நம்பித் தன் கண்ணையே பிழையாக்கிக்கொண்டு போய்விட்டார். மடியில் இருந்த கை இரண்டிலும் இன்னமும் தேங்காயெண்ணெய் மணத்தது.

"இன்னாசித்தம்பி," என்றாள் திரைக்கு உள்ளேயிருந்து.

"சொல்லுங்கோ அக்கா."

"அவர் முப்பத்திரெண்டு எண்டுதான் சொன்னார்."

விறாந்தையில் ஒரு கதிரை கிரீச்சிட்டது.

"நான்தான் முப்பதரை எண்டு எழுதின. கை தவறி எழுதல்ல. தெரிஞ்சுதான் எழுதின. அவர்ட கண்ணுக்கு ஒரு குறையுமில்ல. கடைசிவரைக்கும் இல்ல."

"உம்மா, என்ன கதைக்கிறீங்க?" ஸஃப்னா அவளுடைய கையைப் பிடித்தாள். மரியம் கையை இழுக்கவுமில்லை, மகளைப் பார்க்கவுமில்லை.

"ஏன் மதினி?" என்றார் ஜபார். அதட்டலாக அல்ல, நிசமாகவே விளங்காமல் கேட்டார்.

"போகாம இரிக்க." அவள் மூச்சு வாங்கினாள். "கார் ஓடினா ஊருக்குப் போக வேணும். எனக்கு ஏலாது. ஓடாம இரிந்தா இங்கயே இரிக்கலாம் எண்டு நினைச்சன். அவர் தன்னை ஒண்டுக்கும் ஏலாதவர் எண்டு ஒதுக்கிக்கொள்ளுவார் எண்டு நினைக்கல்ல. நான் கேக்க வேண்டிய பொருத்தத்த அவரிட்டக் கேக்கல்ல. கேக்க முகமில்லாம ஆறு மாசம் இரிந்தன். இப்ப எல்லாருக்கும் முன்னால சொல்றன். அவர் நல்லாத்தான் அளந்தார்."

முஆஸ் விறாந்தைத் தூணடியில் நின்றது திரையின் ஓரத்தால் தெரிந்தது. அவன் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. முற்றத்துக் காரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்த ஆறு மாதமும் சில்லறை அளவுகளுக்கு வாப்பாவுக்கு நாடாவை வாசித்துச் சொன்னவன் அவன்தான். "வாப்பா, விடுங்களன், இனி உங்களுக்கு இது ஏலாது," என்று போன கிழமைகூடச் சொல்லியிருந்தான்.

"அவர் எண்ணத்த விடல்ல, ஜபார்," என்றாள் மரியம். "நான் விட வச்சன். கொண்டு போங்க. வாப்பாட பக்கத்தில வையுங்க."

"அங்க கொண்டுபோனா உங்களுக்குத் தூரம்…"

"எனக்குத் தெரியும். நேரத்தப் பாருங்க."

லெவ்வை மெல்லக் கனைத்துக்கொண்டு, ளுஹருக்கு நேரமாகிறது என்றார். மேலே ஒன்றும் கேட்கவில்லை. இன்னாசித்தம்பி எழும்பி முற்றத்துக்குப் போய், சந்தூக்கு வெளியே போக வழி மறித்து நின்ற முக்காலியின் ஒரு காலைத் தனியே தூக்கி நகர்த்தப் பார்த்தார். பாரம் அதிகம். முஆஸ் போய் மற்றக் காலைப் பிடித்தான். எஞ்சின் சங்கிலியில் கொஞ்சம் ஆடிவிட்டு நின்றது.

ஒரு மணிக்குப் பிறகு பள்ளியில் தொழுது திரும்பி வந்து, சந்தூக்கை வேனில் ஏற்றினார்கள். புறப்படுமுன் முஆஸ் அறைக்கு வந்தான். உடம்போடு ஒட்டிக் காய்ந்திருந்த சட்டையைக் கழற்றி மூலையில் போட்டான். மரியம் எழும்பி அலுமாரியிலிருந்து ஒரு சட்டையை எடுத்து நீட்டினாள். நெய்னாரின் சட்டை. கைக்கு வந்தது அதுதான். அவன் வாங்கிப் போட்டுக்கொண்டான். தோளில் கொஞ்சம் பெரிது. தெறிகளைப் பூட்டினான். ஏதோ சொல்லப் போகிறான் என்று அவள் காத்திருந்தாள். ஏசினாலும் பரவாயில்லை என்றிருந்தது.

"மருந்தப் போடுங்க," என்றான். அவளுடைய பிரஷர் குளிசையைச் சொன்னான். போய்விட்டான்.

வேன் ஒழுங்கையைத் திரும்பும்வரை ஸஃப்னா வாசலில் நின்று பார்த்தாள். மரியம் அறையிலேயே இருந்தாள். அவளுக்கு வேலி உயரத்துக்குமேல் வேனின் கூரை மட்டும் ஜன்னலால் தெரிந்து, தெரியாமல் போனது. பாலாவி தாண்டியிருக்கும், எலுவன்குளம் வந்திருக்கும், பாலம் கடந்திருப்பார்கள், காட்டுக்குள் இறங்கியிருப்பார்கள் என்று அவள் மனதால் கூடவே போய்க்கொண்டிருந்தாள். அந்தப் பாதையை அவள் பார்த்ததேயில்லை. அவர் சொல்லித்தான் தெரியும். மயில் குறுக்கே போகும் என்பார். சிலாவத்துறை வந்ததும் காற்றில் உப்பு வேறு மாதிரி மணக்கும் என்பார். உப்பு எங்கேயும் உப்புத்தானே என்று இவள் சொல்லுவாள்.

பெண்கள் ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு போனார்கள். சிலர் அவளுடைய தலையைத் தடவினார்கள். சிலர் தடவவில்லை. ஸஃப்னா பின்னேரம்வரை பேசவில்லை. பிறகு கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டு, உம்மாவின் காலடியில் பாயைப் போட்டுப் பிள்ளையோடு படுத்துக்கொண்டாள். மரியம் அழுதாள். காலையிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது, சத்தமில்லாமல், நெடுநேரம்.

மஃரிபுக்குக் கொஞ்சம் முன்னால் தொலைபேசி அடித்தது. ஜபார்தான் பேசுவார் என்று நினைத்தாள். முஆஸ் பேசினான்.

"வச்சாச்சு உம்மா."

"எப்ப?"

"இப்பத்தான். சனம் நல்லாக் கூடினது. எனக்கு ஒருத்தரயும் தெரியாது. எல்லாருக்கும் என்னைத் தெரியுது. வாப்பாட நடை எண்டு சொல்றாங்க."

"மண் எப்பிடி?"

"வெறும் மணல். தோண்டத் தோண்டச் சரிஞ்சது. பலகை வச்சுத்தான் பிடிச்சாங்க." அவனுடைய குரலுக்குப் பின்னால் காற்று இரைந்தது. "மூத்தவாப்பாட கபுருக்கு வலப்பக்கம்."

"வாப்பாக்கு மற்றப் பக்கம் ஆரு?"

"ஒருத்தருமில்ல. வேலிவரைக்கும் சும்மாதான் கிடக்கு."

அவள் தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"அந்த இடம் சும்மா கிடக்கட்டும்," என்றாள்.

முஆஸ் யாரையோ கூப்பிட்டு, கொஞ்சம் நில்லுங்க என்று சொன்னது கேட்டது. மணலில் அவன் நடக்கிற சத்தமும் கேட்டது.

"அந்த இடத்தில ஒரு கல்லு வச்சிட்டு வாறன் உம்மா," என்றான்.